பிளேவியன் ஆட்டிய பெடல்

மெல்லிசைக் குழுவில் பிளேவியன் வைத்ததுதான் சட்டம். அவருடைய எலக்ட்ரிக் கிடாரின் ஒலியை மாற்ற, காலால் மிதிக்கும் பெடல்கள் இரண்டு: ஒன்று, ஆட்ட ஆட்டக் கிடாரை அழவைக்கும் வெளிநாட்டு வா-வா; மற்றது, ஒலியைக் கரகரப்பாக இழுத்து நீட்டும் ஓவர்டிரைவ், மரகதவல்லி தன் கடையில் செய்து கொடுத்தது.

ஒத்திகையில், மரகதவல்லியின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, வா-வாவைக் காலால் ஆட்டி ஆட்டி வாசித்தார்.

"என்னமா அழுவுது, பாத்தியா? அதான் வெளிநாட்டுச் சரக்கு! இதுல உன் டப்பா கிழிச்சது என்னன்னு காட்டும்மா. இல்லேன்னா கழட்டி எடுத்துட்டுப் போ."

"சார், வா-வாவோட முன்பக்க முனையை 'டக்'குனு சத்தம் வர்ற வரைக்கும் நல்லா மிதிச்சுட்டு வாசிங்க."

மிதித்தார். கிடார் 'வாவ்' என்று ஊளையிட்டது. அவரே பதறிப்போனார். டிரம்மருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இப்பத்தான் சார் அது ஆன் ஆச்சு. இவ்வளவு நேரம் அழுதது என் டப்பா!"