நொச்சிச் செடியில் ஒரு மடக்குக் கத்தி

மடங்கினால் கும்பிடும், நிமிர்ந்தால் வெட்டும், நடுவில் கொஞ்சம் ஆடும். அது என்ன?

மடக்குக் கத்தி என்றா சொல்கிறீர்கள்? பாதி சரி. இந்த விடுகதைக்கு இன்னொரு விடையும் உண்டு. அது செடியில் உட்கார்ந்திருக்கும். பார்த்தால் இலை மாதிரி இருக்கும். நாம் கடந்து போனால் கழுத்தைத் திருப்பி நம்மையே பார்க்கும். அந்த விடை எப்படி வந்தது என்று கேளுங்கள்.

அந்தக் காலத்தில், பூச்சியும் நண்டும் ஓணானும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தபோது, கும்பிடுபூச்சிக்குக் கும்பிடத் தெரியாது. கை மடங்கினால்தானே கும்பிட முடியும்? அதற்குக் கைகளே இரண்டு கத்திகள். தோளிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும். உண்ணும்போதும் உறங்கும்போதும் நீட்டியபடியே இருக்கும்.

ஒரு குளக்கரை நொச்சிச் செடியில் தழைச்சி என்றொரு கும்பிடுபூச்சிப் பெண் இருந்தாள். அவளும் குழந்தைதான். ஆனால் மற்றவர்களுக்கு முன்பே பிறந்தவள். அண்மையில் சட்டை உரித்தபோது அவளுக்குக் கத்தி முளைத்துவிட்டது. தம்பி தங்கைகளுக்கு இன்னும் முளைக்கவில்லை. கடைக்குட்டியின் பெயர் பொட்டு.

அவளுக்குக் கத்தி முளைக்கும்வரை பொட்டு அவள் முதுகில்தான் தூங்குவான். முளைத்த மறுநாள் அவன் இலையிலிருந்து சறுக்கினான். தழைச்சி சட்டென்று கையை நீட்டிப் பிடித்தாள். அவன் விழவில்லை. ஆனால் அவனுடைய மீசையின் நுனி துண்டாகக் கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு அவன் கிட்டே வருவதில்லை.

"வாடா, முதுகில ஏறிக்கோ" என்று அவள் கூப்பிட்டால், இரண்டு இலை தள்ளி நின்றுகொண்டு, "நீ ஆசையாத்தான் கூப்பிடுறேக்கா. உன் கைதான் வேற மாதிரி கூப்பிடுது" என்பான்.

மற்ற தம்பி தங்கைகளும் அப்படியே. அவளைச் சுற்றிக் கிளைகள் காலியாகக் கிடந்தன. சின்னதுகள் எல்லாம் செடியின் ஓரங்களுக்குப் போய்த் தனித்தனியே ஒட்டிக்கொண்டன.

இதற்காகவே காத்திருந்தது ஓணான். உச்சி வெயிலில் தலையை ஆட்டி ஆட்டி ஏறிவரும். ஓரத்தில் இருப்பதை ஒரு நாக்கில் எடுத்துக்கொள்ளும். தழைச்சி நடுத்தண்டிலிருந்து ஓடிவருவதற்குள் இறங்கிவிடும்.

"கத்திக்காரி!" என்று கீழே நின்று கூவும். "உனக்குக் கத்தி முளைச்சதுல எனக்குத்தான் லாபம். உன் தம்பிகளை நீயே எனக்குப் பிரிச்சு வச்சிடுறியே!"

ஓணான் சொன்னது உண்மை.

அவள் செடியை விட்டு இறங்கி, கரையில் வளை வைத்திருந்த நண்டு அத்தையிடம் போனாள். திறந்து மூடும் கை அந்தக் குளத்திலேயே நண்டு அத்தைக்குத்தான் இருந்தது. அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

"என்ன மருமகளே, கத்தியை நீட்டிக்கிட்டு வர்றே? சண்டைக்கா?"

"இல்லை அத்தை. என் கத்தி மடங்கணும்."

"மடங்கணுமா? மடங்கினா அது கத்தியா, வெற்றிலையா?"

"வேணும்கிறபோது நிமிரணும். வேண்டாதபோது மடங்கணும். என் தம்பி என் பக்கத்துல வரணும்."

நண்டு அத்தை சிரிப்பை நிறுத்தினாள். குச்சியில் இருக்கும் கண்களை நீட்டி அந்தக் கத்திகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். கையை நடுவில் பிரித்து, ஒரு பாதியைப் பிடியாகவும் ஒரு பாதியை வெட்டும் அலகாகவும் ஆக்கினாள். அலகு படுத்துக்கொள்ளப் பிடியில் ஒரு பள்ளம் எடுத்தாள். இரண்டையும் ஒன்றாக வைத்துத் துளையிட்டு, கருவேல முள் ஒன்றை ஆணியாகச் செருகினாள்.

"மடக்கு" என்றாள்.

தழைச்சி மடக்கினாள். கத்திகள் இரண்டும் காணாமல் போயின.

தவளைகள் கத்துவதை நிறுத்தின. தும்பி ஒன்று பறந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கண்ணெதிரே ஒரு கூர்மை தனக்குள்ளேயே ஒளிந்துகொண்டதை அந்தக் கரை அதற்கு முன் பார்த்ததில்லை. தண்ணீரில் தழைச்சி தன்னைப் பார்த்தாள். இரு கைகளையும் மார்பில் சேர்த்து யாரையோ வணங்கி நிற்கும் ஒரு பெண் அங்கே தெரிந்தாள். அது தான்தான் என்று அவளுக்கு உடனே புரியவில்லை.

நிமிர்த்தினாள். டக்! கத்திகள் வந்தன.

ஆனால் ஒரு கோரைப்புல்லை வெட்டிப் பார்த்தபோது அலகு பக்கவாட்டில் நழுவியது. வைத்த குறி ஓரிடம், வெட்டு விழுந்தது வேறிடம்.

"ஆடுது அத்தை."

"புதுசுன்னா ஆடத்தான் செய்யும்."

"ஓணானுக்கு வச்ச குறி தம்பி மேல விழுந்தா?"

நண்டு அத்தை ஒரு கல்லை எடுத்து ஆணியைத் தட்டி இறுக்கினாள். இப்போது அலகு அசையவே இல்லை. "பார்த்தியா? பாறை மாதிரி இருக்கு" என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் தழைச்சி மேற்கொண்டு சோதித்துப் பார்க்காமல், முக்கி முக்கிக் கத்தியை மடக்கிக்கொண்டு செடிக்கு ஓடினாள்.

மடங்கிய கையைப் பார்த்து முதலில் வந்தவன் பொட்டுதான். அவன் பாதி வழி வரும்போதே ஓணானும் வந்துவிட்டது. தழைச்சி கையை உதறினாள். கத்தி வரவில்லை. மறுபடி உதறினாள். இறுக்கிய ஆணி அலகை நெரித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓணானின் வாய் பொட்டுவின் பின்னங்காலைக் கவ்வியது. அவன் காலை அதன் வாயிலேயே விட்டுவிட்டு, கிடைத்த இலைக்கு அடியில் விழுந்து புகுந்துகொண்டான்.

"காலு மட்டும்தானா?" என்றது ஓணான். "சரி, மிச்சம் நாளைக்கு." தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனது.

கும்பிடுபூச்சிக் குஞ்சுகளுக்கு இழந்த கால் மறுபடி முளைக்கும். அது தெரிந்திருந்தும் தழைச்சியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் எதையோ இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டு நடுங்குவதைத்தான் பார்த்தாள். அது அவளுடைய பழைய சட்டை. கத்தி முளைப்பதற்கு முன் அவள் உரித்துப் போட்டது. அவள் பக்கத்தில் வர முடியாத நாளெல்லாம் அவன் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கியிருக்கிறான்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்தச் சட்டையைப் பார்த்தாள். வெயில் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்துகொண்டிருந்தது. அத்தனை மெல்லியது, அத்தனை வழவழப்பு.

பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று விளங்கியது. அலகுக்கும் பிடிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, அதனால் ஆடுகிறது. ஆணியால் நெரித்து இடைவெளியை மூடினால் அலகு நகராது. நெரிக்கக் கூடாது, நிரப்ப வேண்டும்.

"பொட்டு, அந்தச் சட்டையில கொஞ்சம் தர்றியா?"

அவன் ஓரத்தைக் கிழித்து நீட்டினான். தூக்கி எறியவில்லை, நீட்டினான்.

தழைச்சி குளக்கரைக்குத் திரும்பினாள். நண்டு அத்தை முணுமுணுத்துக்கொண்டே ஆணியைக் கழற்றினாள். அலகின் இரு பக்கமும் சட்டைத் துண்டை வைத்து ஆணியைத் திரும்பச் செருகி, அலகு தன் கனத்தாலேயே திறக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினாள். டக் என்று திறந்தது, டக் என்று மூடியது. தழைச்சி நுனியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். ஒரு மயிரிழை ஆட்டம் மட்டும் மிச்சம் இருந்தது.

"அதுக்கு மேல என்னால ஆகாது" என்றாள் நண்டு அத்தை.

மறுநாள் உச்சிவேளை. தழைச்சி கையை மடக்கி நொச்சி இலையோடு இலையாக நின்றாள். காற்று வந்தது. இலை ஆடியது. உலுக்கும் காற்றிலும் இலையின் காம்பு முறியவில்லை. காற்று போகும் பக்கம் கொஞ்சம் போய்த் திரும்பி வந்தது. அவளும் இலையோடு சேர்ந்து அப்படியும் இப்படியும் ஆடிப் பார்த்தாள். ஆடும்போது அலகு அந்த மயிரிழை அளவுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து படிந்தது. படிந்த அந்தக் கணம் கத்தியில் ஆட்டமே இல்லை.

ஓணான் ஏறிவந்தது. அதன் கண்ணுக்கு ஆடும் இலைகள் மட்டுமே தெரிந்தன. அவற்றில் ஒன்று ஒரு முறை ஆடி, மறுமுறை ஆடி, நின்றது.

டக்!

அந்தச் சத்தம் குளத்தின் மறுகரைவரை கேட்டதாகச் சொல்வார்கள். மீன்கள் மேலே வந்து பார்த்தன. ஓணான் கழுத்தில் சிவப்புக் கோட்டோடு உருண்டு புரண்டு ஓடியது. இன்றும் அதன் கழுத்தில் அந்தச் சிவப்பு எட்டிப் பார்ப்பதுண்டு. வெட்டிய கத்தியோ மறுபடி மடங்கி, வணங்கும் கையாகி மார்பில் அமர்ந்திருந்தது. சின்னதுகள் ஓரங்களிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. அவளைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன. பொட்டு நொண்டிக்கொண்டே வந்து, மடங்கிய இரண்டு கத்திகளுக்கும் நடுவில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

மாலையில் நண்டு அத்தை பக்கவாட்டில் நடந்து செடியடிக்கு வந்தாள். கிடுக்கியில் ஒரு சொட்டு வேலம்பிசின் இருந்தது.

"மருமகளே, வழி கண்டுபிடிச்சிட்டேன்! இதை மூட்டுல விட்டா அந்த மயிரிழையும் போயிடும். ஆயுசுக்கும் ஆடாது. எந்த ஓணானும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது."

"மடங்குமா அத்தை?"

"அது மடங்காது. எப்பவும் நிமிர்ந்துதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் ஆடிப் பார்த்து அடிக்கிற தொல்லை உனக்கு இல்லை. யோசிச்சுச் சொல்லு. பிசின் காய்ஞ்சிடும்."

தழைச்சி குனிந்து பொட்டுவைப் பார்த்தாள். அவன் தூங்கிவிட்டிருந்தான்.

அன்று முதல்தான் கும்பிடுபூச்சி கையை மடக்கி உட்கார்ந்திருக்கிறது, அடிப்பதற்கு முன் இலையைப் போல ஆடிப் பார்க்கிறது. அன்று முதல்தான் புது மடக்குக் கத்தி வாங்குகிறவர்களும் அதைத் திறந்து, நுனியைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போடுகிறார்கள்.

தழைச்சி பிசின் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.