மாசிலாமணியின் கடைவாய்ப்பல்

"வரதுக்குப் பல் இன்சூரன்ஸ் ஓசி. நான் மட்டும் ஏன் காசு கட்டணும்?"

மடத்துக்குள் நுழைந்ததும் மாசிலாமணி கேட்டது இதுதான். கும்பிடக்கூட இல்லை.

குரு அமிர்தவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயசு, அவருக்கு ஐம்பத்தாறு. சீடர் என்றால் சின்னப் பையனாகத்தான் இருக்கணும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

"வரதுக்கு யார் குடுத்தது?"

"அவன் வேலை பாக்கிற கம்பெனி. என்னோட ஒரே நாள்ல இங்க சேர்ந்தவன்மா அவன். எனக்குக் கம்பெனியா, ஒண்ணா? தனி ஆளா எடுத்தேன். வருஷம் நாலாயிரம்."

"எடுத்தாச்சு இல்ல. அப்புறம் என்ன?"

"முதல் வருஷம் எந்தப் பல்லுக்கும் ஒரு ரூபா தரமாட்டாங்களாம். எட்டு மாசம் ஓடிருச்சு. இன்னும் நாலு மாசம்."

குரு அவர் கன்னத்தைப் பார்த்தாள். வலது பக்கம் வீங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"எட்டு மாசமா."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"அப்பவே போனேன். சின்னச் சொத்தை, அடைச்சா போதும், எண்ணூறு ரூபான்னார். எழுந்து வந்துட்டேன்."

"ஏன்?"

"வரது ஒரு பைசா குடுக்காம அடைச்சுக்கிட்டான். நான் குடுத்தா அவன் என்னை என்ன நினைப்பான்?"

வரது எதுவும் நினைத்திருக்க மாட்டான். அவனுக்கு இந்த விஷயமே தெரியாது.

குரு கீரையைக் கீழே வைத்தாள்.

"பல் ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குத் திறக்கிறாங்க?"

"ஒன்பது மணிக்கு. நான் அதைக் கேக்கலம்மா. நாலாயிரம் கட்டினது லாபமா, நஷ்டமா? அதைச் சொல்லுங்க."

"நாளைக்கும் ஒன்பது மணிக்குத் திறப்பாங்க."

மாசிலாமணி முறைத்தார். இதெல்லாம் ஒரு பதிலா என்று முனகிக்கொண்டே போனார். மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் வீட்டில்தான் இருந்தார், வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு.

நாலு மாசம் கழித்து வந்தார். இந்தத் தடவை கும்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"வருஷம் முடிஞ்சிருச்சும்மா. இனிமே அடைக்கிறது, வேர் சிகிச்சை, உறை போடுறது, எல்லாத்துக்கும் முழுச் செலவும் இன்சூரன்ஸ்காரங்களோடது. விசாரிச்சுட்டேன். வரதுக்கு உறைக்குப் பாதிதான் தருவாங்க."

"பாதிதானா?"

"பாதிதான்." அதைச் சொல்லும்போது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"சரி. எந்தப் பல்லுக்குப் பண்ணப்போறீங்க?"

மாசிலாமணி வாயைத் திறந்தார்.

நாக்கு தானாக வலது பக்கம் போனது. சீழ் வைத்து, போன மாசம் பிடுங்கிப்போட்ட இடம். வழவழவென்று இருந்தது.

வெளியே வரது கரும்பு கடிக்கிற சத்தம் கேட்டது.