வெள்ளை அறையில் ஒரு சிவப்பு

முன்பொரு காலத்தில் இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் ஒரு மாளிகைத் தோட்டம் இருந்தது. ஆளுயர வேலிச் செடிகளை வைத்து அதை அறை அறையாகப் பிரித்திருந்தார்கள். மூலிகைக்கு ஓர் அறை, கீரைக்கு ஓர் அறை. நடுவில் வெள்ளை அறை. அங்கே வெள்ளைப் பூவைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

அந்த அறையின் ராணி ஒரு வெள்ளை ரோஜா. ஆனால் அதைத் தாங்கிய வேர் அதனுடையதல்ல. ஒரு காட்டு ரோஜாவை நட்டு, வேர் பிடித்ததும் தலையைச் சீவிவிட்டு, அந்தக் கட்டையில் வெள்ளை ரோஜாவை ஒட்டுக் கட்டியிருந்தார்கள். நாற்பது வருடமாக அந்த வேர் மண்ணுக்குள் கிடந்து மாடாய் உழைத்தது. மேலே கிடைத்த பாராட்டையெல்லாம் காதால் கேட்டதோடு சரி.

அதற்கும் ஓர் ஆசை இருந்தது. தன் பூ ஒன்று ஒரு நாளாவது யார் கண்ணிலாவது பட வேண்டும். அந்த வசந்தத்தில் வேலியோரமாக ஒரு குருத்தை மேலே அனுப்பியது. அதில் மொட்டு வந்தது, சிவப்பாக.

ரோஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாலு பேர் வந்து போகும் இடத்தில் என் மானத்தை வாங்காதே" என்றது.

"ஒரே ஒரு பூ. இத்தனை வருடம் நீ குடித்த தண்ணீர் யார் கொடுத்தது?"

"அது உன் வேலை" என்றது ரோஜா.

வேர் வேலியிடம் முறையிட்டது. தன்னை வருடா வருடம் வெட்டிச் சதுரமாக்குகிறார்களே, தான் வாய் திறந்ததுண்டா என்று கேட்டு வேலி ஒதுங்கிக்கொண்டது.

மொட்டு விரிந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது. மகள் வீட்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மங்களவல்லி, வெள்ளையையெல்லாம் கடந்துபோய் வேலியோரம் நின்றுவிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். இந்தச் செவப்பு எவ்வளவு லட்சணமா இருக்கு. இது பேரு என்னன்னு அந்தத் தோட்டக்காரருகிட்ட கேளுங்க."

வேருக்கு நுனி வரை குளிர்ந்தது.

கணவர் போய்க் கேட்டார். தோட்டக்காரர் ஆல்பன் வந்து குனிந்து பார்த்தார். கவனிக்காமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். குருத்தை அடியோடு பிய்த்துக் கூடையில் போட்டார்.

"அய்யோ, நான் பேருதானே கேட்டேன்" என்றாள் மங்களவல்லி. அவள் சொன்னது ஆல்பனுக்குப் புரியவில்லை.

வேருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே தண்ணீரை நிறுத்திவிட நினைத்தது. ஆனால் வேருக்கு உணவு தர அதற்கென்று இருந்த இலைகள் கூடையில் கிடந்தன. இனி ரோஜாவின் இலைகள்தான் கதி; ரோஜா காய்ந்தால் வேரும் சாக வேண்டியதுதான்.

"நல்லவேளை, நம் குடும்ப மானம் தப்பியது" என்றது ரோஜா.

நாற்பது வருடத்தில் அது 'நம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வேர் தண்ணீரை அனுப்பியது.