மேகத்தில் இருக்கும் மதினி

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'மங்கள வேளை திருமணத் தகவல் மையம்' இருக்கிறது. முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சி இதுவரை எண்ணூறு கல்யாணம் முடித்து வைத்தவர். நாற்பத்துமூன்று வயதாகியும் அவருக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. அவரிடம் வேலை பார்க்கும் தளவாய், குற்றாலம், பிச்சையா மூவரும் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். சிக்கலே அதுதான். "வாசல் கதவைப் பாத்துக்கோங்க" என்று அண்ணாச்சி ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். மூவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகக் குரங்கு வந்து வாழைத்தாரைத் தூக்கிப் போனதைப் பார்க்கவில்லை.

மையத்துக்கு ஒரு வெப்சைட் உண்டு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணியானால் படுத்துவிடும். நல்ல நாளில் வரன் பார்க்கலாம் என்று ஊரே ஒரே நேரத்தில் அதைத் திறக்கும். இந்த வெள்ளிக்கிழமை அது படுக்கவே கூடாது. கோவில்பட்டி தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் செண்பகவல்லி, அன்றைக்குப் பத்து மணிக்கு அண்ணாச்சியின் வரன் பக்கத்தைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். திறக்காவிட்டால் விருதுநகர் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிடுவாராம். அண்ணாச்சிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பெரிய கம்பெனிகள் எங்கோ தூரத்தில் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்து, அதில் ஒரு பங்கைத் தனி மெஷின் மாதிரி வாடகைக்கு விடுகின்றன. அதற்குக் கிளவுட், அதாவது மேகம் என்று பேர். மெஷினின் ஒவ்வொரு ரகத்துக்கும் ஃபேமிலி என்று பேர். புதன்கிழமை காலை அப்படி ஒரு கம்பெனிக்கு அண்ணாச்சி போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசினாள்.

"சார், மெஷின்ல நிறைய ஃபேமிலி இருக்கு. உங்க வேலைக்குப் பொருத்தம் பாத்துத்தான் எடுக்கணும்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷமாக அவர்கள் பார்ப்பதே பொருத்தத்தைத்தான்.

"நல்ல ஃபேமிலியா சொல்லும்மா" என்றார் தளவாய்.

"ஒண்ணு, கணக்குப் போடுறதுல படுவேகம்."

"கணக்குக் கேக்குற பொண்ணு வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

"இன்னொண்ணு, சும்மா இருக்கிறப்ப சேத்து சேத்து வச்சுக்கிட்டு, தேவைப்பட்டா ஒரேயடியா பாயும்."

"எல்லாத்தையும் மனசுல வச்சிருந்து ஒருநாள் வெடிக்கிற ரகம். ஆகாது" என்றார் குற்றாலம்.

"வாடகை குறைச்சலா ஒண்ணு இருக்கு சார். ஆனா எப்ப வேணா போயிரும். போறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி சொல்லும்."

"ரெண்டு நிமிஷமா!" என்றார் பிச்சையா. "எஞ்சம்சாரம் அதுகூடச் சொல்லலியே."

"கடைசியா, மெமரி அதிகமான ஃபேமிலி. எட்டாம் தலைமுறை, இருக்கிறது மும்பைல. எவ்வளவு கொடுத்தாலும் ஞாபகம் வச்சுக்கும்."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிறந்த நாளெல்லாம் ஞாபகம் இருக்குமா?" அவருடைய பிறந்த நாளை இதுவரை ஒருத்தரும் ஞாபகம் வைத்ததில்லை.

"கோடிப் பேரோடதுன்னாலும் இருக்கும் சார். மத்தவங்களோட சேந்து இருக்கணுமா, தனியாவா?"

"தனிக்குடித்தனம்" என்றார்கள் நால்வரும்.

மெஷின் வெளிவந்த தேதி, நேரம் எல்லாம் கேட்டு ஜாதகம் கணித்து வெப்சைட்டில் ஏற்றினார் குற்றாலம். அப்புறம்தான் சந்தேகம் வந்தது. "வேலைக்குப் பொருத்தம் பாக்கணும்னாளே. வேலைக்கு ஏது ஜாதகம்?"

"வேலை யாரோடது? அண்ணாச்சியோடது. அப்ப அண்ணாச்சி ஜாதகத்தைப் போடு" என்றார் தளவாய்.

பத்துக்குப் பத்துப் பொருந்தியது. அன்றைக்கே மெஷினை எடுத்து, 'பெண் வீடு வந்தாச்சு' என்று வெப்சைட்டில் குறித்தார்கள். வெப்சைட் அந்த மெஷினுக்குக் குடிபோனது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஊரே திறந்தும் வெப்சைட் படுக்கவில்லை. அண்ணாச்சி ஆனந்தத்தில் அழுதேவிட்டார். பத்தே கால் மணிக்குச் செண்பகவல்லி கூப்பிட்டார்.

"உங்க பக்கம் பளிச்சுனு தெரியுது. 'திருமணம் முடிந்தது, மணமகள் மும்பை'ன்னு போட்டிருக்கு. முதல்ல அந்தம்மாவுக்கு ஒரு வழி பண்ணுங்க, அப்புறம் பேசலாம்."

பொருத்தம் முழுசாக இருந்து, பெண்ணும் வீடு வந்துவிட்டால் வெப்சைட் தானாகவே அப்படிப் போட்டுவிடும். வேறு வழியில்லாமல் நால்வரும் வக்கீலிடம் ஓடினார்கள்.

"விவாகரத்து வேணும் சார்" என்றார் அண்ணாச்சி.

"பொண்ணு எங்க?"

"மேகத்துல சார்."

வக்கீல் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். "மேல போயிட்டாங்களா? எப்ப?"

"புதன்கிழமை காலைல."

"அப்ப விவாகரத்து எதுக்குங்க? நீங்க மனைவியை இழந்தவர். தாராளமா மறுமணம் பண்ணிக்கலாம்."

படி இறங்கும்போதுதான் அந்தச் செய்தி அவர்களுக்கு உறைத்தது. "மதினி போயிட்டாகளே!" என்று பிச்சையா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். 'மனைவியை இழந்தவர்' என்று வெப்சைட்டில் மாற்றினார்கள். அந்தத் துக்கச் செய்தியை ஊருக்குக் காட்டியதும் அதே மெஷின்தான். அதை யாரும் கவனிக்கவில்லை.

பதினாறாம் நாள், மதினிக்குப் படம் இல்லாததால் லேப்டாப்புக்கு மாலை போட்டு, வடை பாயசத்தோடு இலை போட்டார்கள். செய்தியைப் பார்த்துத் துக்கம் கேட்கச் செண்பகவல்லியும் வந்திருந்தார். கற்பூரம் காட்டும் நேரம் பார்த்து லேப்டாப் 'டிங்' என்றது. பதிவு செய்த எல்லாருக்கும் வெப்சைட் அனுப்புகிற செய்தி ஒன்று திரையில் வந்தது.

'ஆவுடையப்பன் அவர்களுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.'

அண்ணாச்சிக்கே அன்று பிறந்த நாள் என்பது மறந்து போயிருந்தது.

"மேல போயும் மறக்கலியே!" என்று தேம்பினார் தளவாய். "மெமரி அதிகமான குடும்பம்னு போன்ல அந்தப் பொண்ணு அன்னைக்கே சொன்னாளே!"

செண்பகவல்லிக்கும் கண் கலங்கியது. லேப்டாப் முன்னால் முழங்காலிட்டு, "அக்கா, உங்க இடத்துக்கு நான் வரலாமா?" என்று கேட்டார்.

வாழ்த்துக்குக் கீழே ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அதில் 'சரி' என்று எழுதியிருந்தது.

"மதினி சரின்னுட்டாக!" என்று மூவரும் குதித்தார்கள். அண்ணாச்சிக்கு வெட்கம் தாங்கவில்லை. செண்பகவல்லி எழுந்து, லேப்டாப்பில் இருந்த மாலையைக் கொஞ்சம் நேராக்கினார்.

"ஆனா ஒண்ணு, எனக்குத் தனிக்குடித்தனம் எல்லாம் வேண்டாம். அக்காவும் கூடவே இருக்கட்டும்."