கண் கட்டிக்கொண்ட செப்படியார்

திருக்கொன்றைப்பாடிக் கோயிலின் மேலைக் கோபுர வாசலில் துணி விரித்து, மூன்று மரச் செப்புகளைக் கவிழ்த்து, உருண்டையை ஒளித்துக் காட்டிப் பிழைத்தவர் வேலாண்டியார். ஊர் அவரைச் செப்படியார் என்றது. கூட்டம் சேருமுன் கோபுரத்தை நோக்கிக் கைகூப்புவார். "ஐயனே, இன்றைக்கும் பொய் காட்டப் போகிறேன். பொறுத்தருள்" என்பார். ஆட்டம் முடியும்போது கடைசிச் செப்பின் கீழ் ஒரு கொன்றைப் பூ இருக்கும். கொன்றை பூக்காத மாதங்களில் எருக்கம்பூ. அதைக் கொன்றைநாதர் சந்நிதியில் சேர்த்த பிறகே உண்பார்.

அவருக்கு ஒரே மகள், சிவந்தி. படுசுட்டி. ஆனால் ஏட்டைக் கையில் கொடுத்தால் அழுவாள்.

அவ்வூரில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் மார்கழி ஆதிரையன்று சந்நிதியில் ஓர் ஏடு வாசிக்க வேண்டும். சிறு அகலில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு ஏற்றுவார்கள். அது அணைவதற்குள் வாசித்து முடித்த பிள்ளைக்கே கோயில் பள்ளியில் இடம். தவறினால் மறு ஆண்டு இன்னொரு முறை. அதிலும் தவறினால் அதோடு சரி. சிவந்தி போன ஆதிரையில் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். அன்று முதல் அவள் சந்நிதிக்குள் வருவதில்லை. தகப்பனார் பூவோடு உள்ளே போக, கொடிமரத்தருகே நின்றுகொள்வாள்.

"ஏம்மா, சாமி கும்பிட வரலையா?"

"நான் முழிச்சதை சாமி பார்த்துட்டாருப்பா."

செப்படியாருக்கு அது தாங்கவில்லை. மாலைதோறும் மணல் பரப்பி எழுதிக் காட்டினார். நேற்று தெரிந்த எழுத்து இன்று அவளுக்குத் தெரியவில்லை. இன்று தெரிந்தது நாளைக்கு இல்லை.

"எழுத்து நிக்க மாட்டேங்குதுப்பா. மீன் மாதிரி ஓடுது."

"ஓடுனா பிடி! உருண்டையை நான் பிடிக்கலையா?"

கத்திவிட்டார். கையிலிருந்த செப்பை வீசினார். அது அடுப்படிச் சாம்பலில் போய் விழுந்தது. மனைவி அங்கம்மையார் அதை எடுத்துத் துடைத்தார்.

"சாமிக்குப் பூ குடுக்கிற செப்பு. அது என்ன பாவம் செஞ்சுது? ஊரையே வாய் பிளக்க வைக்கிறீங்க. பெத்த பிள்ளைகிட்டதான் உங்க வித்தை எல்லாம் செத்துப்போகுது."

செப்படியார் செப்பை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

மறுநாள் மகள் முன்னே பூ, புளியங்கொட்டை, கூழாங்கல் மூன்றையும் வைத்தார். மணலில் ஒன்றன் பெயரை எழுதினார். அவள் சரியாக வாசித்தால் அந்தப் பொருள் செப்புக்கடியில் போய்விடும். பிழையானால் போகாது. சிவந்தி கை தட்டிச் சிரித்தாள். சில நாளில் எதை எழுதினாலும் பட்டென்று சொன்னாள். மகளுக்குப் படிப்பு வந்துவிட்டது என்று செப்படியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் அடுப்புப் புகை வந்து அவர் கண்ணில் பட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "படி" என்றார். மகள் மணலை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"கண்ணைத் திறப்பா. நீ கண்ணைத் திறந்தாத்தானே படிக்க முடியும்?"

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கையைப் பார்க்காதே, கண்ணைப் பார், கண் போகிற இடத்தில்தான் உருண்டை இருக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவரேதான். வித்தைக்காரன் வீட்டுப் பிள்ளை அதையே கற்றிருந்தது. பூ என்று எழுதினால் அவர் கண் பூவுக்குப் போயிற்று. அவள் வாசித்ததெல்லாம் அவர் கண்ணைத்தான்.

அன்று சந்நிதியில் கொன்றைநாதரோடு சண்டையிட்டார்.

"பொய் காட்டிப் பிழைப்பவன் வீட்டில் படிப்பும் பொய்யாகத்தான் வருமா? பொறுத்தருள் என்று நாள்தோறும் கேட்டேன். பொறுக்கவில்லை என்றாவது ஒரு சொல் சொல்லக் கூடாதா?"

பூவைக் கோபத்தோடுதான் வைத்தார். வைக்காமல் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தவர், ஓர் ஓலையில் வித்தையின் படிகளை எழுதி மகள் கையில் கொடுத்தார். தோள் துண்டால் தம் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு தெரியாது. நீ வாசிக்கிறபடிதான் கை போகும். இனி வித்தைக்காரி நீதான்."

அவள் பிழையாக வாசித்தாள். அவர் கை பிழையாகப் போயிற்று. உருண்டை உருண்டோடியது. மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்; கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை. ஐப்பசி மழையெல்லாம் இப்படியே கழிந்தது. கார்த்திகையில் ஒருநாள், அவள் விரலால் ஒவ்வோர் எழுத்தாய் அழுத்திப் பிடித்து, "நடுச் செப்பைத் தூக்கு" என்றாள். தூக்கினார். பூவின் மணம் வந்தது.

ஆதிரை வந்தது. கொடிமரத்தடியில் தயங்கி நின்ற மகளைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார். ஏடு எடுத்துக் கொடுக்கும் அம்பலவாணர் அவரைக் கண்டதும் சிரித்தார்.

"வாரும் செப்படியாரே. ஜாடை காட்டவா வந்தீர்?"

"கண்ணைக் கட்டுங்கய்யா! எழுத்தைத் தூக்கி மடியில ஒளிச்சிடப் போறாரு!" என்றது கூட்டம்.

செப்படியார் தாமே துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு நந்தியருகே அமர்ந்தார். ஊருக்கு அது வேடிக்கை. சிவந்திக்கு அது பழகிய கட்டு.

அகல் ஏற்றினார்கள். அவள் வாசித்தாள். ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வொரு சொல்லாக. பிழையில்லை. ஆனால் மெதுவாக, மிக மெதுவாக. பாதி ஏடு கடக்குமுன் திரி கருகும் வாசம் செப்படியார் மூக்கில் ஏறியது. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அறிந்தார். 'ஐயனே, இன்னும் கொஞ்சம்' என்று மட்டும் நினைத்தார்.

அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள்.

"அகல்ல பொட்டு எண்ணெய் இல்லை! எரியுது பாருங்க!" என்று ஒருவர் அலறினார்.

"வித்தை! அப்பன் வித்தை!" என்று அம்பலவாணர் சுடரை ஊதி அணைக்கக் குனிந்தார்.

"நில்."

குரல் கருவறையிலிருந்து வந்தது.

"அந்த வித்தை எம்முடையது. பிள்ளை வாசிக்கட்டும்."

அம்பலவாணர் அப்படியே தரையில் விழுந்தார். கூட்டம் கருவறைப் பக்கம் திரும்பியது. சிவந்தி மட்டும் தலை நிமிரவில்லை. எழுத்திலிருந்து விரலை எடுத்தால் அது ஓடிவிடும் அல்லவா. கடைசிச் சொல்லை வாசித்து முடித்தாள். சுடர் தானே அடங்கியது.

"அப்பா, முடிச்சிட்டேன். கட்டை அவிழ்த்துக்கோ."

அவிழ்த்தார். உலர்ந்த அகலில் ஒரு கொன்றைப் பூ இருந்தது. மார்கழியில் கொன்றை பூப்பதில்லை.

ஆட்டம் முடிகையில் பூ வைப்பவர் செப்படியார். அன்று கொன்றைநாதர் வைத்தார். கோபித்த நாளிலும் பூ வைக்க மறவாத செப்படியார் கைகளை நாமும் வணங்குவோம்.