தோகை மறைத்த பந்தயம்

ஒரு காட்டில், தோகையை விரிக்கவே கூச்சப்படும் மயில் ஒன்று இருந்தது. மேகம் கறுத்து மற்ற மயில்கள் எல்லாம் ஆட, இது மட்டும் புதருக்குப் பின்னால் போய் ஒடுங்கி நிற்கும். பிறவியிலேயே அப்படி இல்லை, குழந்தைகளே. ஒரு காலத்தில் அதன் அலட்டல் தாங்காது.

அந்த மயிலின் வீடு ஒரு மொட்டைப் பாறையின் உச்சியில் இருந்தது. கீழே பெரிய ஏரி. ஆடி மாதம் தோறும் ஏரிக்கரையைச் சுற்றி இளங்குதிரைகளின் ஓட்டப் பந்தயம் நடக்கும். ஒரு குதிரை தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதில் ஓடலாம். பந்தயப் பாதையின் வளைவு அந்தப் பாறைக்கு நேர் கீழே இருந்ததால், அங்கிருந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

அந்த ஆண்டு மயிலுக்கு ஓர் ஆசை வந்தது. தன் வீட்டில் விருந்து வைத்து, எல்லாரையும் அழைத்துப் பந்தயத்தைக் காட்ட வேண்டும். ஊரெல்லாம் தன் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

சாப்பாட்டுப் பிரியரான கரடியை அழைத்தது. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லும் அணிலை அழைத்தது. கடைசியாக, செவலைக் குதிரையின் புல்வெளிக்குப் போனது. செவலைக்கு முன்னங்கால் ஊனம். ஏரிக்கரைச் சரிவில் அதனால் இறங்க முடியாது. அந்த முறை ஓடப்போவதோ அதன் ஒரே மகள் மின்னி.

"அக்கா, நீங்க அவசியம் வரணும். உங்க மக ஓடுறதை என் வீட்டிலிருந்து கண் குளிரப் பார்க்கலாம். அதுக்கு நான் பொறுப்பு" என்றது மயில்.

செவலைக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ நல்லா இருக்கணும் தம்பி. எப்படிப் பார்க்கப் போறேனோன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன்."

பக்கத்தில் நின்ற மின்னி துள்ளிக் குதித்தது. "அம்மா, வளைவு திரும்புறப்ப நான் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பேன். நீ பாறைமேல நிக்கணும். உன்னைப் பார்த்துட்டேன்னா அப்புறம் என்னை யாராலும் பிடிக்க முடியாது!"

பந்தய நாள் வந்தது. செவலை விடியும் முன்பே கிளம்பி, நொண்டி நொண்டி, நின்று மூச்சு வாங்கிப் பாறை ஏறி வந்தது. மயில் எல்லாரையும் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார வைத்தது. நாவல் பழம், தேனடை, செவலைக்கென்று இளம் அருகம்புல். கரடி தேனடையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

"பந்தயம் ஆரம்பிச்சதும் முன்னாடி போய் நின்னுக்கலாமா தம்பி?" என்று கேட்டது செவலை.

"நான் சொல்றேன் அக்கா. நீங்க நிம்மதியா உட்காருங்க" என்றது மயில்.

தூரத்தில் குளம்பொலி கேட்டது. எல்லாரும் ஆவலோடு கழுத்தை நீட்டினார்கள். அத்தனை கண்களும் ஒரே திசையில் பார்ப்பதைக் கண்டதும் மயிலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாறை விளிம்பில் போய் நின்று, விருந்தினர் பக்கம் திரும்பி, தோகையை முழுசாக விரித்தது.

ஏரி மறைந்தது. கரையும் மறைந்தது.

"மயிலண்ணே, தள்ளி நில்லுங்க! ஒண்ணும் தெரியல!" என்று கத்தியது அணில்.

அணிலுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டது மயில். செவலை பதறி எழுந்து இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. தோகையும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் நகர்ந்தது. தோகையும் கூடவே வந்தது.

"தம்பி, கொஞ்சம்..." என்று தயங்கியது செவலை. உண்ட வீட்டில் அதற்கு மேல் சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

அக்கா தன்னை நன்றாகப் பார்க்க ஆசைப்படுகிறாள் போலும் என்று மயில் இன்னும் நெருங்கி வந்து, தோகையைச் சிலுப்பிக் காட்டியது. குளம்பொலி பாறைக்கு அடியில் அதிர்ந்தது. பிறகு தேய்ந்து, நின்றுபோனது.

"முடிஞ்சு போச்சு" என்றது அணில்.

செவலை எல்லாருடைய முகத்தையும் பார்த்தது. "என் மக எப்படி ஓடினா? யாராவது பார்த்தீங்களா?"

அணில் தலை குனிந்தது. கரடி மெல்லுவதை நிறுத்தியது. மயிலுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அதுவும்தான் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது! ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"உங்க மகதான் முதல்ல வந்தா அக்கா!" என்று சொல்லிவிட்டது.

செவலையின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அடங்குவதற்குள் மின்னி பாறைமேல் பாய்ந்து ஏறி வந்தது. கால்களெல்லாம் முள் கீறி ரத்தம்.

"அம்மா! உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்னடி? நீ ஜெயிச்சியாமே?"

"இல்லம்மா. வளைவு வரைக்கும் நான்தான் முன்னால ஓடினேன். நிமிர்ந்து பார்த்தேன். உன்னைக் காணோம். ஒரு தோகைதான் தெரிஞ்சுது. உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பந்தயத்தை விட்டுட்டுப் புல்வெளிக்கு ஓடினேன். நீ அங்கேயும் இல்ல."

"நான் இங்கதான் இருந்தேன், கண்ணு" என்றது செவலை.

"அக்கா... குளம்புச் சத்தத்தை இடின்னு நினைச்சு..." என்று இழுத்தது மயில். அதுவும் பொய். குளம்பொலி என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

செவலை கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மயிலுக்கு. "அருகம்புல் நல்லா இருந்துச்சு தம்பி. நாங்க வர்றோம்" என்று சொல்லிவிட்டு, மகளின் மேல் சாய்ந்தபடி மெல்லப் பாறை இறங்கிப் போனது.

மயில் அவசரமாகத் தோகையைச் சுருக்கியது. எவ்வளவு சுருக்கியும் அது பெரிதாகவே தெரிந்தது.

மறு ஆண்டு ஆடி பிறந்தது. மயில் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு செவலையின் புல்வெளிக்குப் போய், தூரத்திலேயே நின்றது.

"அக்கா, இந்த வருஷமும் பந்தயம் வருது. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். பாறையில நீங்க மட்டும் தனியா நின்னு ஆசை தீரப் பாருங்க."

செவலை புல்லிலிருந்து தலையை உயர்த்தியது.

"இந்த வருஷம் எனக்கு யாரு தம்பி ஓடுறா?" என்றது.

நீதி: பிறர் ஆசையோடு பார்க்க வந்ததற்கு முன்னால் நம் பெருமையைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.