வலப்பக்கத்து ஆள்

அன்று காலை கூடைப்பந்துக் களத்தில் இருந்தவர்கள் பதினான்கு பேர். ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர். பயிற்சியாளர் ரெஜினா டீச்சர். அணியின் மேலாளர் வேலாயுதம். வேறு யாரும் இல்லை.

வேலாயுதம் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பந்து பிடிக்கக் கற்றவர். இப்போது வயது நாற்பத்தாறு. ஆனாலும் டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அன்று கட்டவில்லை.

“ஒன்பது ஆட்டம், டீச்சர். ஒன்பதும் தோல்வி. தனித்தனியா ஆடினா ஒவ்வொருத்தனும் புலி. சேர்ந்து நின்னா ஒருத்தனுக்கு ஒருத்தன் பந்து குடுக்க மாட்டேங்கிறான். ஏன்?”

டீச்சர் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இந்த சீசன்ல எத்தனை பேரை மாத்தின?”

“பத்து. பத்தும் நல்ல மாற்று. குடுத்தவனை விட வாங்கினவன் உயரம். கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை உருவினார்.

“இது பதினொண்ணு. சேலம் அணிக்காரன். ஆறடி எட்டங்குலம். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லீக் ஆபீசுக்குப் போயாகணும்.”

“பதிலுக்கு யாரைக் குடுக்கிற?”

வேலாயுதம் ஆட்டக்காரர்களை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“உள்ள எழுதியிருக்கு.”

டீச்சர் கடிதத்தை வாங்கவில்லை. விசில் ஊதினார்.

“வட்டமா நில்லுங்க. கையில பந்து இருக்கிறவன் வலப்பக்கத்து ஆளோட பேரைச் சொல்லிட்டுப் பந்தைக் குடுக்கணும். நம்பர் சொல்லக் கூடாது. பேர் தெரியாதவன் கோட்டுக்கு வெளிய.”

முதல் பந்து டில்லிபாபு கையில். அவன் வலப்பக்கத்து ஆளின் நெஞ்சைப் பார்த்தான். ஜெர்சியில் இருபத்தொன்று என்றிருந்தது. பெயர் இல்லை. பெயர் அச்சடிப்பதை வேலாயுதம்தான் நிறுத்தினார். ஆள் மாறுகிற வேகத்துக்கு அச்சகத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை.

“தலைவா, உன் பேர் இன்னா?”

“அதைச் சொல்லிப்போட்டா அப்புறம் போட்டி எதுக்குங்க?” என்றான் இருபத்தொன்று.

டில்லிபாபு வெளியே போனான். சிரித்துக்கொண்டே பந்தை வாங்கிய இருபத்தொன்று தன் வலப்பக்கம் திரும்பினான். சிரிப்பு நின்றது. அவனும் வெளியே.

சுற்று முடிந்தபோது வெளியே ஏழு பேர். உள்ளே ஐந்து.

வேலாயுதத்துக்கு முகம் சிவந்தது.

“இது என்ன பள்ளிக்கூடமா, பேர் கூப்பிட்டுப் பாக்க? அஞ்சு பேர் இருக்காங்கல்ல? ஆட்டம் தொடங்க அஞ்சு பேர் போதும். விதிப் புத்தகத்தில இருக்கு.”

“இருக்கு,” என்றார் டீச்சர். “இன்னொரு சுத்து.”

வட்டம் சுருங்கியது. வலப்பக்கத்து ஆட்கள் மாறினார்கள். மேலும் மூன்று பேர் வெளியே.

மூன்றாமவன் போகிற போக்கில் தண்ணீர் பாட்டிலை எட்டி உதைத்தான்.

“நான் வந்து பதினெட்டு நாளாச்சு சார். எம் பேரை நீங்க சொல்லுங்க, பாப்போம்.”

ஆட்டத்துக்குப் பதினாறு புள்ளி எடுப்பவன் என்று வேலாயுதத்துக்குத் தெரியும். உயரம் தெரியும். எடை தெரியும். பெயர் வரவில்லை.

“திமிர் பிடிச்ச பய,” என்றார்.

உள்ளே இரண்டு பேர். இசக்கிப்பாண்டி, ஜெரோம். ஆறு வருடமாக இதே களத்தில் ஆடுகிறவர்கள். பந்து பார்க்காமலே போய் வந்தது.

“இசக்கி.”

“ஜெரோம். லேய், கையத் தூக்கி வையி. பல்லு பேந்துரும்.”

“பேந்தா, உன் கல்யாணத்துக்குப் பொக்கை வாயோட வாரேன்.”

டீச்சர் இசக்கியைக் கேட்டார். “உனக்கு மட்டும் எப்படிடா எல்லார் பேரும் தெரியுது?”

“புதுசா வாரவனை ஸ்டேஷன்லேருந்து வண்டியில ஏத்திட்டு வாரது நாந்தான டீச்சர். பேர் கேக்காம எப்படி ஏத்த?”

“உனக்கு?”

“எனக்குத் தெரியாது டீச்சர்,” என்றான் ஜெரோம். “நான் எப்பவும் இவனுக்கு இடப்பக்கம் நின்னுக்கிட்டேன்.”

வேலாயுதம் கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு பேர் மிஞ்சினாலும் ஆட்டம் நிக்காது. அதுவும் விதிதான். ஒருத்தனா ஆனாத்தான் தோல்வி. கையெழுத்தைப் போடுங்க டீச்சர்.”

“கடிதத்தை வாசி.”

“இப்பவா? இவங்க முன்னாலயா?”

“வேற எங்க வாசிப்ப? நாளைக்குப் பேப்பர்ல பாத்து அவன் தெரிஞ்சுக்கணுமா?” அன்று டீச்சரின் குரல் உயர்ந்தது அந்த ஒரு முறைதான். “வாசிடா!”

வேலாயுதம் கடிதத்தைப் பிரித்தார். முதலில் எண் இருந்தது. ஏழு. அடுத்து பெயர். அந்தப் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும்.

“இசக்கிப்பாண்டி,” என்றார்.

பந்து இசக்கியின் கையில் நின்றது.

“ஆறு வருசம் சார். ரோட்டுல பாத்தப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

பந்தை ஜெரோமின் நெஞ்சுக்கு ஓங்கி எறிந்தான். கோட்டைத் தாண்டினான். வெளியே நின்ற பத்துப் பேரோடு பதினொன்றாவது ஆளாகப் போய் நின்றான்.

டீச்சர் பேனா மூடியைத் திறந்தார்.

“எந்த இடத்துல போடணும், வேலாயுதம்?”

வேலாயுதம் கடிதத்தை நீட்டவில்லை. களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெரோம் பந்தோடு வலப்பக்கம் திரும்பினான்.

கோட்டுக்குள் மீதி, ஒருவர்.